அறத்திற்கு விலை உண்டோ?

கொடுத்தலும் விற்றலும் பார்வைக்கு ஒன்றே போலத் தோன்றும் இரு செயல்கள். இரண்டிலும் ஒருவர் கையிலிருந்த பொருள் மற்றொருவர் கைக்குச் செல்கிறது. ஆயினும் இவ்விரண்டிற்கும் உரிய தருமங்கள் வேறு வேறானவை. விற்பவன் அளக்க வேண்டும். துலாக்கோல் எப்பக்கமும் சாயாமல் நிற்பதே அவனுக்கு அழகு. கொடுப்பவனோ அளக்கலாகாது, அளந்து கொடுத்தால் அது கொடை என்னும் பெயரை இழந்து கடன் என்றோ கூலி என்றோ ஆகிவிடும். ஆகவேதான் நம் முன்னோர் கடைவீதியையும் அன்னசத்திரத்தையும் ஒரே ஊரில் அமைத்தாலும், கடைவீதியின் கணக்கைச் சத்திரத்திற்குள் கொண்டு செல்லாமல் காத்தனர்.

இக்காலத்திலோ இவ்விரு செயல்களும் ஒன்றாகக் கலந்த ஒரு புதிய காட்சியை நாம் நகரங்களில் காண்கிறோம். வர்த்தக நிர்வாகம் பயிலும் கல்லூரி மாணவ மாணவியர், ஒரே நிறத்தில் சட்டை அணிந்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, விடுமுறை நாளில் வீதிக்கு வருகின்றனர். பேனா, மெழுகுவர்த்தி, காகிதப் பை, நாட்குறிப்பு, கைவினைப் பொருள் ஆகியவற்றைக் கூவி விற்கின்றனர். “இதில் வரும் பணம் அனாதைக் குழந்தைகளுக்கு” என்றோ, “முதியோர் இல்லத்திற்கு” என்றோ சொல்லுகின்றனர். வாங்குபவர் ஒரு பொருளையும் பெறுகிறார். ஓர் அறம் செய்தோம் என்ற நிறைவையும் பெறுகிறார். இது வியாபாரமா, தருமமா? இரண்டும் என்றால் எது எவ்வளவு? இரண்டும் அன்று என்றால் இதற்கு யாது பெயர்? இவ்வினா எளியதாகத் தோன்றினும் ஆராய்ச்சிக்கு உரியது.

முதலில் இவ்வழக்கத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். டென்மார்க் தேசத்தில் ஐனார் ஹோல்போல் என்னும் தபால் இலாகா ஊழியர், 1904-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், காசநோயால் வாடும் குழந்தைகளுக்காகச் சிறு முத்திரைத் தாள்களை விற்கும் முறையைத் தொடங்கி வைத்தார். 1912-இல் இங்கிலாந்தில் அரசி அலெக்சாண்டிராவின் பெயரால், உடற்குறையுள்ள பெண்கள் செய்த செயற்கை ரோஜா மலர்கள் மருத்துவமனைகளின் பொருட்டு லண்டன் வீதிகளில் விற்கப்பெற்றன. முதல் உலகப் போருக்குப்பின் 1921-இல், போர் வீரர்களின் துயர் துடைக்கச் செந்நிறப் பாப்பி மலர் விற்கும் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றியது. நம் பாரத நாட்டில் 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் கொடிநாளாகக் கொண்டாடப்படுகிறது. பள்ளி மாணவர்கள் உண்டியலுடன் வந்து சட்டையில் சிறு கொடியைக் குத்தியதை நம்மில் பலர் அறிவோம்.

வர்த்தகக் கல்வியோடு இதனை இணைத்ததில் அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பெரும் பங்குண்டு. பாஸ்டன் நகரை அடுத்த வெல்லெஸ்லியில் 1919-இல் நிறுவப்பெற்ற பாப்சன் கல்லூரி, முதலாண்டு மாணவர்களுக்குச் சிறு முதலைக் கடனாகக் கொடுத்து, அவர்களே ஒரு வியாபாரத்தைத் தொடங்கி நடத்திக் கடனைத் திருப்பிச் செலுத்தி, மிஞ்சிய லாபத்தை அறப்பணிக்கு அளிக்குமாறு ஒரு பாடத்தை அமைத்தது. ஓக்லஹாமா பல்கலைக்கழகத்திலும் இதை ஒத்த பயிற்சி உண்டு. நம் நாட்டில் 2009-இல் ‘ஜாய் ஆஃப் கிவிங் வீக்’ என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் ‘தான் உத்சவ்’ எனப் பெயர் பெற்ற ஈகை வாரம், காந்தியடிகள் பிறந்த நாளையொட்டி ஆண்டுதோறும் நடைபெறுகிறது. கல்லூரிகளின் இத்தகைய முயற்சிகளுக்கு அதுவும் ஒரு தூண்டுகோல் ஆயிற்று.

இனி இதன்மேல் எழக்கூடிய ஆட்சேபங்களைப் பூர்வபட்சமாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதல் ஆட்சேபம்: அறத்தை விலைக்கு விற்கலாகாது என்பது. புறநானூற்றில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், பொதியமலைத் தலைவன் ஆய் அண்டிரனைப் புகழும்போது, அவன் அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் என்று போற்றுகிறார். இப்பிறப்பில் கொடுத்தது மறுபிறப்பில் திரும்பி வரும் என்று கணக்கிட்டுக் கொடுத்தவன் அல்லன் அவன். நல்லோர் நடந்த நெறி இது என்பதற்காகவே கொடுத்தவன் என்பது புலவரின் கருத்து. மறுமைப் பயனை எதிர்பார்த்துக் கொடுப்பதே வணிகம் எனின், கையோடு ஒரு மெழுகுவர்த்தியை எதிர்பார்த்துக் கொடுப்பதை என்னவென்று சொல்வது?

இரண்டாவது: மாணவரின் நோக்கம் தூயதன்று என்பது. அவர் மதிப்பெண்ணுக்காக நிற்கிறார். கல்லூரியின் பெயர் செய்தித்தாளில் வருவதற்காக நிற்கிறார். நாளை வேலை தேடும் விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்வதற்காக நிற்கிறார்.

மூன்றாவது: வழிச்செல்வோரை வற்புறுத்துகிறார் என்பது. குழந்தைகளின் பெயரைச் சொல்லி ஒரு பொருளை நீட்டும்போது, மறுப்பவர் கல்நெஞ்சர் ஆகிவிடுகிறார். மனமின்றி நாணத்தால் கொடுத்த காசு கொடையாகுமா?

நான்காவது: வீதி யாருடையது என்பது. அதே நடைபாதையில் வயிற்றுப் பிழைப்புக்காகப் பேனாவும் மெழுகுவர்த்தியும் விற்கும் ஏழை வியாபாரி ஒருவர் இருக்கிறார். அவருடைய அன்றைய விற்பனையைப் பறித்து வேறொரு ஏழைக்குக் கொடுப்பது தருமமாகுமா?

இவை நான்கும் தள்ளத்தக்கன அல்ல. எனினும் இவற்றால் அச்செயல் முழுதும் பழுதென்று முடிவு கட்டுவதும் அவசரமாகும்.

முதல் ஆட்சேபத்திற்கு விடை காண, அறத்தின்பொருட்டு விற்கப்படும் பொருள்களை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நலம். முதல் வகையில் பொருளே அறம். சுதந்திரப் போராட்ட காலத்தில் தேசத் தொண்டர்கள் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். படித்தவரும் வசதி படைத்தவரும் அதில் இருந்தனர். கதரை வாங்கியவர் நூற்ற கைக்கும் நெய்த கைக்கும் கூலி கொடுத்தார். அதற்குமேல் ஒரு தானமும் அங்கே தேவைப்படவில்லை. பார்வையற்றோர் முடைந்த நாற்காலியும், மனவளர்ச்சி குன்றிய இளைஞர் செய்த காகிதப் பையும் இவ்வகையைச் சேர்ந்தவை. இங்கே விலை என்பது அறத்திற்குக் குறைவன்று. உழைத்தவருக்கு அது மரியாதை.

இரண்டாம் வகையில் பொருள் ஓர் அடையாளம் மட்டுமே. கொடிநாள் கொடிக்கும் பாப்பி மலருக்கும் சந்தையில் மதிப்பில்லை என்பது இருவருக்கும் தெரியும். கொடுத்தது முழுதும் கொடையே. கொடி அதற்கு ரசீது. திருவிழா முடிவில் ஏலத்திற்கு வரும் வஸ்திரத்தை அதன் நெசவு மதிப்பிற்குப் பன்மடங்காகக் கேட்கும் அன்பர், தாம் துணி வாங்குவதாக எண்ணுவதில்லை அன்றோ! காந்தியடிகள் 1933 நவம்பரில் தொடங்கி 1934 வரை ஹரிஜன நிதிக்காக நாடெங்கும் சுற்றியபோது, தமது கையொப்பத்திற்கு ஐந்து ரூபாய் பெற்றார். தமக்கு வந்த அன்பளிப்புகளை மேடையிலேயே ஏலம் விட்டார். அதனை வியாபாரம் என்று எவரும் இகழவில்லை. விலையும் வெளிப்படை, நோக்கமும் வெளிப்படை.

மூன்றாம் வகையே ஐயத்திற்கு இடமானது. மொத்தக் கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கிய பேனாவை ஐம்பது ரூபாய்க்கு விற்பது இவ்வகை. இங்கே பொருள் அறமும் அன்று, அடையாளமும் அன்று; கொடையை மூடும் திரையாகிறது. வாங்குபவர் ஐம்பது ரூபாயும் குழந்தைகளுக்குச் செல்வதாக எண்ணுகிறார். அல்லது ஐம்பது ரூபாய் பெறுமானமுள்ள பேனா என்று எண்ணுகிறார். இரண்டும் பிழை. இதற்குப் பரிகாரம் சத்தியமே. “பேனாவின் விலை பத்து, மீதி நாற்பது நீங்கள் கொடுப்பது” என்று சொல்லிவிட்டால் திரை விலகுகிறது. பத்து ரூபாய் துலாக்கோலின் தருமத்திற்கு உட்படும். நாற்பது ரூபாய் ஈகையின் தருமத்திற்கு உட்படும். இரண்டும் தத்தம் பாத்திரத்தில் தனித்தனியே தூய்மையாக இருக்கும்.

உண்மையைச் சொன்னால் விற்பனை குறையுமே என்ற அச்சம் எழலாம். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியை டீனா சீலிக், தம் மாணவர் குழுக்களுக்கு ஐந்து டாலர் முதலும் இரண்டு மணி நேரமும் கொடுத்துப் பொருள் ஈட்டச் செய்த பயிற்சியை 2009-இல் வெளிவந்த தம் நூலில் விவரிக்கிறார். அது அறப்பணிக்கான பயிற்சியன்று. ஆயினும் அதில் நமக்கொரு பாடம் உண்டு. ஒரு குழுவினர் சைக்கிள் டயர்களின் காற்றை இலவசமாகச் சோதித்து, தேவையானவற்றிற்கு ஒரு டாலர் பெற்றுக் காற்றடித்துக் கொடுத்தனர். சிறிது நேரம் சென்றபின், விலை கேட்பதை நிறுத்தி, விரும்பியதைக் கொடுங்கள் என்றனர். வருவாய் உயர்ந்ததேயன்றிக் குறையவில்லை. செய்த உதவி மெய்யாக இருந்தமையால் விலையை நீக்கியபோது நன்றி முன்வந்தது. மனிதரிடத்தில் நம்பிக்கை வைப்பவன் எப்போதும் நஷ்டமடைவான் என்பதில்லை என்பதற்கு இது ஒரு சிறு சான்று.

இரண்டாவது ஆட்சேபம் நோக்கத்தைப் பற்றியது. கலப்பற்ற நோக்கத்துடன்தான் அறம் செய்ய வேண்டும் என்றால், நம்முள் பலரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். கொடுப்பவர் பிறர் நலத்திற்காக மட்டுமன்றி, கொடுத்தலால் தமக்குண்டாகும் உள்ளத்தின் இளஞ்சூட்டிற்காகவும் கொடுக்கின்றனர் என்பதைப் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி 1990-இல் ஒரு கோட்பாடாகவே வகுத்தார். பசித்த குழந்தைக்குச் சோறு வந்த வழியின் நோக்கம் தெரியாது. தெரிய வேண்டுவதும் இல்லை. நோக்கத்தின் தூய்மை பெறுபவருக்கான நிபந்தனையன்று, செய்பவருக்கான பரீட்சை.

அப்பரீட்சை எப்போது வரும்? கணக்கு எழுதும்போது வரும். ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாற்பது மாணவர்கள் எட்டு மணி நேரம் வீதியில் நின்று 24,000 ரூபாய்க்கு விற்றதாகக் கொள்வோம். சரக்கு, சட்டை, பதாகை, வண்டி வாடகை, சிற்றுண்டி ஆகியவற்றிற்கு 9,000 ரூபாய் போக, மிச்சம் 15,000 ரூபாய். அவர்கள் நின்றது மொத்தம் 320 மணி நேரம். மணிக்கு 47 ரூபாய்க்கும் குறைவு. அந்த 320 மணி நேரமும் ஓர் இல்லத்துக் குழந்தைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் கற்பித்திருந்தால் யாருக்கு அதிக நன்மை? பெயருக்காகச் செய்தவர் இக்கணக்கை மறைப்பார். 24,000 என்னும் எண்ணை மட்டும் பெரிதாக எழுதுவார். அறத்திற்காகச் செய்தவர் 15,000 என்றே எழுதுவார். அடுத்த ஆண்டு பதாகையை விட்டுவிடுவார். ஒருவேளை விற்பனையையே விட்டுக் கற்பித்தலுக்குச் செல்வார். நஷ்டம் வந்த நாளிலும் கணக்கை வெளியிடுபவரே நோக்கத்தில் தேறியவர்.

மூன்றாவது ஆட்சேபம் வற்புறுத்தல். இதில் நியாயம் மிகுதி. சிகாகோ நகரை அடுத்த பகுதிகளில் 2008-இல் சில பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வு செய்தனர். நன்கொடை கேட்க வரப்போகும் நேரத்தை வீட்டுக் கதவில் ஒரு துண்டுத்தாளால் முன்கூட்டியே அறிவித்தபோது, கதவைத் திறந்தோர் தொகை 9 முதல் 25 சதவீதம் வரை குறைந்தது. “எங்களுக்கு விருப்பமில்லை” என்று குறித்துவிடவும் இடங்கொடுத்தபோது, கிடைத்த கொடை 28 முதல் 42 சதவீதம் வரை குறைந்தது. அதாவது, கொடுத்தவருள் ஒரு பகுதியினர் மனமுவந்து கொடுக்கவில்லை. முகத்திற்கு நேரே மறுக்கக் கூசிக் கொடுத்தனர். இங்கிலாந்தில் 1916-ஆம் ஆண்டிலேயே, அறத்தின் பெயரால் வீதியில் பணம் திரட்டுவதையும் பொருள் விற்பதையும் ஒழுங்குபடுத்த விதிகள் செய்யும் அதிகாரம் சட்டத்தால் வழங்கப்பட்டது. நல்ல காரியத்திற்கும் எல்லை வேண்டும் என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர்.

திருக்குறளில் ‘இரவு’ என்றோர் அதிகாரமும், அதனை அடுத்தே ‘இரவச்சம்’ என்றோர் அதிகாரமும் அமைந்திருப்பது சிந்திக்கத் தக்கது. கேட்பதற்கு ஒரு முறை உண்டு. கேட்க அஞ்சுவதற்கும் ஓர் இடம் உண்டு. பிறர்க்காகக் கேட்பவனுக்குத் தனக்காகக் கேட்பவனுக்குள்ள கூச்சம் இல்லை. அதுவே அவனுடைய பலம். அதுவே அவனுக்கு ஆபத்தும். கூச்சம் அற்றவன் பின்தொடர்வான், கையைப் பிடிப்பான், மறுத்தவரைப் பரிகசிப்பான். எனவே மாணவருக்கு இவ்விதி போதும்: ஒருமுறை கேள்; வேண்டாம் என்றால் புன்னகையுடன் விலகு. ‘இல்லை’ என்று சொல்லும் உரிமை உள்ள இடத்தில்தான் ‘உண்டு’ என்பதற்குப் பொருள் உண்டு.

நான்காவது ஆட்சேபமே எல்லாவற்றினும் கனமானது. நம் நாட்டில் 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், அவர்களுடைய பிழைப்பைப் பாதுகாக்கவும் ஒழுங்குபடுத்தவும் இயற்றப்பட்டது. அவர்களைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்றும், நகர வியாபாரக் குழுவில் பத்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் அவர்களுடைய பிரதிநிதிகளே இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. 2020-இல் மத்திய அரசு அவர்களுக்கென வகுத்த கடன் திட்டத்தில் முதல் தவணையாக வைக்கப்பட்டது 10,000 ரூபாய். ஒரு குடும்பத்தை நிமிர்த்தப் பத்தாயிரம் ரூபாய் முதல் உதவும் என்று அரசு கருதும் உலகம் அது. சென்னை பாண்டி பஜாரில் நடைபாதையில் கடை வைத்திருந்தோர் 2013-இல் ஒரு கட்டடத்திற்குள் மாற்றப்பட்டனர். 2019-இல் அவ்வீதி நடப்போருக்கான அழகிய வளாகமாகத் திறக்கப்பட்டது. அத்தகைய நடைபாதையில் ஒரு மாணவர் அறத்தின் பெயரால் ஒருநாள் கடை விரிப்பாராயின், அவர் நிற்கும் கல்லின்கீழ் வேறொருவருடைய பிழைப்பின் சுவடு இருக்கிறது என்பதை அவர் அறிந்திருத்தல் வேண்டும்.

இருவரையும் சற்றே ஒப்பிட்டுப் பாருங்கள். மாணவரும் வெயிலில் நிற்கிறார்; பூ விற்கும் அம்மையாரும் வெயிலில் நிற்கிறார். மாணவரிடம் நூறுபேர் ‘வேண்டாம்’ என்கின்றனர், அம்மையாரிடமும் அவ்வாறே. ஆனால் மாணவருக்கு அது ஒரு நாள் அனுபவம். அம்மையாருக்கு அது ஆயுள். மாணவரின் கூடை விற்காவிட்டால் மாலையில் ஒரு சிரிப்புடன் கதை முடியும். அம்மையாரின் கூடை விற்காவிட்டால் பூ வாடும், அடுப்பும் அணையும். மாணவரின் அடையாள அட்டையையும் ஆங்கிலத்தையும் கண்டு காவலர் ஒதுங்கிச் செல்லக்கூடும். அம்மையாரிடம் அவ்வாறு ஒதுங்குவார் என்பதற்கு உறுதியில்லை. வீதி இருவரையும் ஒரே விதமாக நடத்துவதில்லை. இந்த வேற்றுமையைக் கண்ணாரக் கண்டு நெஞ்சில் வாங்கிக்கொண்டால், அம்மாணவர் அன்று ஈட்டிய லாபம் உண்டியலில் விழுந்த பணத்தினும் பெரியது. காணாமலே வீடு திரும்பினால், உண்டியல் நிறைந்திருந்தாலும் அந்நாள் வீண்.

ஆகவே செய்யத்தக்கவை சில உண்டு. அவ்வீதியில் ஏற்கெனவே விற்கப்படும் பண்டத்தை மாணவர் விற்கலாகாது. ஏழை வியாபாரியின் கூடைக்கு எதிரே நிற்கலாகாது. சரக்கை மொத்தக் கடையில் வாங்காமல், எளியோர் கையால் செய்ததாகத் தேடி வாங்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, அவ்வீதியின் வியாபாரியையே ஆசிரியராகக் கொள்ளலாம். எப்பொருளை எவ்வேளையில் எவ்வளவு வாங்கி வைப்பது, மழை வந்தால் எதை முதலில் மூடுவது, கடன் கேட்கும் வாடிக்கையாளரிடம் எவ்வாறு பேசுவது என்பனவற்றைப் பல்லாண்டு கற்றுத் தேறியவர் அவர். அவரிடம் அரைநாள் அமர்ந்து கற்றுக்கொண்டு, அதற்குத் தட்சிணையாக அவர் சரக்கை வாங்கிச் சென்றால், யாருடைய பிழைப்பும் கெடாமல் கல்வியும் அறமும் ஒருங்கே நிறைவேறும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. இம்மாணவர்கள் நாளை பெரிய நிறுவனங்களின் அதிகாரிகளாக வரக்கூடியவர்கள். ஒரு கையெழுத்தால் ஒரு தொழிற்சாலையைத் திறக்கவும் மூடவும், ஒரு சிறு வியாபாரிக்குத் தரவேண்டிய பணத்தை ஒரு வாரத்தில் கொடுக்கவும் ஆறு மாதம் இழுக்கவும் வல்லவர்களாக ஆவார்கள். வீதியில் ஒருநாள் விற்றுக் குழந்தைகளுக்குப் பதினைந்தாயிரம் கொடுத்தவர், பின்னாளில் எளியவருக்குரிய பணத்தைக் காலந்தாழ்த்தினால், முன்செய்த அறம் பின்செய்ததை ஈடுசெய்யாது. விற்கும் தருமத்தில் தவறாதிருப்பதே வணிகனின் முதல் அறம். ஈகை அதற்குமேல் எழும் கோபுரம். அஸ்திவாரம் இல்லாத கோபுரம் நில்லாது.

அடியேனுடைய சிற்றறிவுக்கு எட்டிய சித்தாந்தம் இதுவே. அறத்திற்கு விலை இல்லை. பொருளுக்கு விலை உண்டு. பொருளின் விலையை மறைக்காமல் சொல்லி, அதற்குமேல் வந்ததை ஒரு காசும் குறையாமல் உரியவரிடம் சேர்த்து, மறுத்தவரையும் மதித்து, பக்கத்துக் கூடைக்குத் தீங்கு செய்யாமல் விற்பவர் முடமோசியார் இகழ்ந்த வணிகர் ஆகார். அவர் இரு தருமங்களை இரு கைகளில் ஏந்தி, ஒன்றை மற்றொன்றில் சிந்தாமல் நடப்பவர். அது கடினமான நடை. இளமையில் பழகினால்தான் முதுமையிலும் கால் இடறாது.

வீதியில் அம்மாணவரைக் காணும் நமக்கும் ஒரு கடமை உண்டு. பொருள் தேவையானால் வாங்குவோம். தேவையில்லையெனில் இன்சொல்லுடன் மறுப்போம். கொடுக்க மனமிருந்தால் பொருளைத் திருப்பித் தந்து பணத்தை மட்டும் கொடுப்போம். “கணக்கை எங்கே காணலாம்?” என்று அன்போடு ஒரு வார்த்தை கேட்போம், அக்கேள்வியும் அவருக்கு நாம் செய்யும் உதவியே. பிறகு, அப்பால் அமர்ந்திருக்கும் பூக்காரியிடம் பேரம் பேசாமல் ஒரு முழம் வாங்கிச் செல்வோம்.

கொடுப்பவர் கையும் விற்பவர் கையும் நேர்மையில் ஒன்றுபட்டு, நாடு நலம் பெறுக! நல்லறம் ஓங்குக!